விண்டோஸ் 7 நிறுவும்போது மவுஸும் கீபோர்டும் ஏன் செத்துப்போகின்றன?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அளவீட்டுக் கருவியின் மென்பொருள் விண்டோஸ் 7இல் மட்டுமே ஓடுகிறது. பழைய மதர்போர்டு எரிந்துவிட்டது. பதிலாகக் கிடைத்தது இன்டெல் 6ஆம் தலைமுறைச் செயலியும் பி150 சிப்செட் கொண்ட மதர்போர்டும். வட்டு என்விஎம்இ வகை (சாட்டா வடம் இல்லாமல் மதர்போர்டில் நேராகச் செருகும் வேக வட்டு). பென் டிரைவிலிருந்து நிறுவல் தொடங்கி, மொழியைக் கேட்கும் திரை வரை ஒழுங்காக வருகிறது. அங்கே மவுஸ் நகர மறுக்கிறது, கீபோர்டின் விளக்கு அணைந்துவிடுகிறது. "பயாஸில் நன்றாக வேலை செய்த கீபோர்டு இங்கே மட்டும் எப்படிச் செத்துப்போகும்? மதர்போர்டில் பழுதா?"

பழுது இல்லை. பணம் கொடுத்து வேறு மதர்போர்டு வாங்கிவிடாதீர்கள்.

பயாஸ் திரை தெரியும் வரை கணினி பயாஸின் வசம் இருக்கிறது. கீபோர்டையும் பென் டிரைவையும் அது தன்னுடைய நிரலைக் கொண்டு இயக்குகிறது. நிறுவல் தொடங்கும்போது பென் டிரைவில் உள்ள பூட்.விம் என்ற கோப்பு முழுவதையும் ரேமுக்குள் ஏற்றி வைப்பதும் பயாஸின் உதவியோடு நடப்பதுதான். "விண்டோஸ் கோப்புகளை ஏற்றுகிறது" என்று ஒரு பட்டை நகருமே, அந்த நேரம். அது முடிந்ததும் ரேமில் இருக்கும் சிறிய விண்டோஸ் கண் விழிக்கிறது, வன்பொருள்களைத் தன் கைக்கு எடுத்துக்கொள்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்பவர் சாவியைக் கொடுத்துவிட்டு, தான் மாட்டிய பல்புகளைக் கழற்றிக்கொண்டு போவதைப் போல, பயாஸ் தன் கீபோர்டு உதவியையும் எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறது. புதிதாக வந்தவரிடம் பல்பு இல்லாவிட்டால் வீடு இருட்டுதான்.

விண்டோஸ் 7இடம் அந்தப் பல்பு, அதாவது வன்பொருளை இயக்கும் டிரைவர் என்ற நிரல், இல்லாததற்குக் காரணம் காலக்கணக்கு. அது கடைக்கு வந்தது 2009 அக்டோபர் 22. யுஎஸ்பி 3.0 கட்டுப்படுத்திகளுக்கான (துளைகளை இயக்கும் சில்லுகளுக்கான) எக்ஸ்ஹெச்சிஐ 1.0 வரையறை வந்தது 2010 மே மாதம். என்விஎம்இ 1.0 வந்தது 2011 மார்ச். பிறக்காத வன்பொருளுக்கு டிரைவர் எழுதி வைக்க யாராலும் முடியாது. யுஎஸ்பி 3.0க்கான டிரைவர் விண்டோஸ் 8இல்தான் உள்ளேயே சேர்ந்தது. என்விஎம்இ டிரைவர் 8.1இல்.

பிறகு ஏன் 2012, 2013இல் வாங்கிய கணினிகளில் விண்டோஸ் 7 சிக்கலின்றி ஏறியது? அவற்றில் நீல நிற யுஎஸ்பி 3.0 துளைகள் இருந்தன. ஆனால் அருகிலேயே பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியும், அதாவது இஹெச்சிஐயும், இருந்தது. கறுப்புத் துளையில் செருகினால் வேலை நடந்துவிடும். இன்டெல் 2015இல் 6ஆம் தலைமுறையோடு கொண்டுவந்த 100 வரிசைச் சிப்செட்டுகளில் அந்தப் பழைய கட்டுப்படுத்தியை எடுத்துவிட்டது. உங்கள் மதர்போர்டில் கறுப்புத் துளை இருக்கலாம். அதுவும் உள்ளே போய்ச் சேர்வது எக்ஸ்ஹெச்சிஐயிடம்தான். துளையை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதில் பயனில்லை என்பது இதனால்தான். நான் முதல் முறை இதைச் சந்தித்தபோது அரை நாள் அப்படித்தான் செருகிக்கொண்டிருந்தேன்.

சிலருக்குக் கீபோர்டு யுஎஸ்பி அல்லாத, உருண்டைச் செருகி கொண்ட பழைய பிஎஸ்/2 வகையாக இருக்கும். அவர்கள் அடுத்த திரைக்குப் போய், "தேவையான சிடி/டிவிடி சாதன டிரைவர் காணவில்லை" என்ற செய்தியில் முட்டிக்கொள்வார்கள். கணினியில் டிவிடி இயக்கியே இல்லையே என்று குழம்ப வேண்டாம். நிறுவல் நிரல் தேடுவது தான் வந்த பென் டிரைவை. அதைப் பார்க்க முடியவில்லை என்பதைத்தான் அந்தக் காலத்து மொழியில் அப்படிச் சொல்கிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. பிஎஸ்/2 கீபோர்டும், சாட்டா வடத்தில் மாட்டும் டிவிடி இயக்கியும், ஒரு சாதாரண சாட்டா வட்டும் கைவசம் உண்டா? உண்டென்றால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவையில்லை. சாட்டாவின் ஏஹெச்சிஐ டிரைவர் விண்டோஸ் 7இல் இயல்பாகவே உண்டு. டிவிடியிலிருந்து சாட்டா வட்டில் நிறுவிவிட்டு, யுஎஸ்பி டிரைவரை இன்னொரு டிவிடியில் எழுதி ஏற்றிக்கொள்ளலாம். சில மதர்போர்டுகளின் பயாஸில் "பிஎஸ்/2 சிமுலேட்டர்" என்றொரு தெரிவும் இருக்கும். அதை இயக்கினால் யுஎஸ்பி கீபோர்டே பிஎஸ்/2 போல நடிக்கும். அது உதவுவது கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டும். பென் டிரைவுக்கு உதவாது.

இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பலரும் தவறுவது டிரைவரை எங்கே சேர்ப்பது என்பதில். நிறுவலின்போது அடுத்தடுத்து இரண்டு தனித்தனி விண்டோஸ்கள் ஓடுகின்றன. முதலாவது பூட்.விம்முக்குள் இருக்கும் சிறிய விண்டோஸ். அதற்குள் இரண்டு படிமங்கள் (விண்டோஸ் கோப்புகளின் பொதிந்த நகல்கள்) உண்டு. 1ஆம் எண் பொதுவான விண்டோஸ் பிஇ, 2ஆம் எண் நிறுவல் நிரல். பென் டிரைவிலிருந்து தொடங்கும்போது ஓடுவது 2ஆம் எண். இரண்டாவது விண்டோஸ், இன்ஸ்டால்.விம் கோப்பிலிருந்து வட்டில் விரித்து வைக்கப்படும் முழு விண்டோஸ். முதல் மறுதொடக்கத்துக்குப் பிறகு ஓடுவது அதுதான். முதலாவதில் சேர்த்த டிரைவர் இரண்டாவதுக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். பூட்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு, "நிறுவல் முழுவதும் நன்றாக நடந்தது, மறுதொடக்கத்துக்குப் பிறகு பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கீபோர்டு செத்துவிட்டது" என்று வருகிறவர்கள் ஏராளம். என்விஎம்இயில் இதே தவறு செய்தால் பயனர் பெயர் கேட்கும் இடம் வரைகூடப் போகாது. 0எக்ஸ்7பி என்ற நீலத் திரையோடு நின்றுவிடும். தான் இருக்கும் வட்டையே தன்னால் பார்க்க முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி பழுது பார்த்தவர்களுக்கு அந்த 0எக்ஸ்7பி பழைய தோழன். எக்ஸ்பி நிறுவலின் நீல நிறத் திரையின் அடியில் "எஃப்6 அழுத்துங்கள்" என்று சில நொடிகள் தோன்றும். அழுத்தினால் டிரைவர் உள்ள ஃபிளாப்பியைக் கேட்கும். ஃபிளாப்பி இயக்கியே இல்லாத லேப்டாப்பிடம் ஃபிளாப்பியைக் கேட்ட கொடுமையை என்னவென்று சொல்வது! பயாஸில் சாட்டாவை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றித் தப்பித்துக்கொண்டிருந்தோம். என்விஎம்இக்கு அப்படியொரு ஒளிந்துகொள்ளும் இடம் கிடையாது.

சரியான டிரைவரைக் கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. "விண்டோஸ் 7 யுஎஸ்பி 3 டிரைவர்" என்று தேடிக் கிடைத்ததையெல்லாம் ஒரே கோப்புறையில் கொட்டி ஏற்றுவதை நான் வெறுக்கிறேன். எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் உங்கள் கட்டுப்படுத்தியின் அடையாள எண்ணை எடுங்கள். அதே கணினியில் வேறொரு வட்டில் விண்டோஸ் 10 இருந்தால், டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலரின் பண்புகளைத் திறந்து, ஹார்டுவேர் ஐடி என்ற பகுதியைப் பாருங்கள். உங்கள் பி150 மதர்போர்டில் விற்பனையாளர் எண் 8086 என்றும் சாதன எண் ஏ12எஃப் என்றும் இருக்கும். 8086 இன்டெலுக்கு உரியது. தன் புகழ்பெற்ற செயலியின் பெயரையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்ட நிறுவனம் அது. ஏ12எஃப் என்பது 100 வரிசையின் எக்ஸ்ஹெச்சிஐ.

பிறகு டிரைவர் தொகுப்பை இறக்கி, அதன் நிறுவல் நிரலைச் சொடுக்காமல், உள்ளே இருக்கும் கோப்புகளைத் தனியே பிரித்தெடுங்கள். ஐஎன்எஃப் (சாதன விவரம்), சிஸ் (நிரல்), கேட் (கையொப்பம்) என்று மூன்று வகைக் கோப்புகள் வேண்டும். ஐஎன்எஃப் வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கும். அதில் ஏ12எஃப் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மட்டும் போதாது. அந்த வரி எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். தலைப்பின் கடைசியில் 6.1, 6.2, 10.0 போன்ற எண்கள் இருக்கும். விண்டோஸ் 7இன் உள் எண் 6.1, விண்டோஸ் 8இன் எண் 6.2. உங்கள் சாதன எண் 10.0 தலைப்பின் கீழ் மட்டுமே இருந்தால், விண்டோஸ் 7 அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த ஒரு நிமிடச் சோதனை உங்களுக்கு ஒரு நாளை மிச்சப்படுத்தும். இன்டெலின் யுஎஸ்பி டிரைவரில் கட்டுப்படுத்திக்கு ஒன்றும், துளைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஹப்புக்கு ஒன்றுமாக இரண்டு ஐஎன்எஃப் கோப்புகள் உண்டு. இரண்டும் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கட்டுப்படுத்தி விழித்துக்கொள்ளும், கீபோர்டு விழிக்காது.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் டிரைவர் ஏறாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சில டிரைவர்கள் கேஎம்டிஎஃப் 1.11 என்ற அடித்தளத்தை எதிர்பார்க்கின்றன. விண்டோஸ் 7இல் இருப்பது 1.9. கேபி 2685811 என்ற புதுப்பிப்பைச் சேர்த்தால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, கையொப்பம். விண்டோஸ் 7 பிறந்தபோது டிரைவர்களின் டிஜிட்டல் கையொப்பம் எஸ்ஹெச்ஏ-1 முறையில் இருந்தது. பின்னால் வந்த டிரைவர்கள் எஸ்ஹெச்ஏ-2 முறையில் மட்டும் ஒப்பமிடப்பட்டவை. பழைய பூட்.விம்முக்கு அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. 0எக்ஸ்சி0000428 என்ற பிழை எண்ணைக் காட்டி, கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றுவிடும். இதற்கு மருந்து 2019இல் வந்த இரண்டு புதுப்பிப்புகள்: கேபி 4490628, கேபி 4474419. இதே வரிசையில் சேர்க்க வேண்டும், அதுவும் டிரைவருக்கு முன்னால். படிமத்தில் டிரைவரைச் சேர்க்கும்போது "கையொப்பம் இல்லாவிட்டாலும் சேர்" என்ற தெரிவு இருக்கிறதே என்று கேட்பீர்கள். சேர்க்கும், உண்மைதான். ஆனால் 64 பிட் விண்டோஸ் தொடங்கும்போது அதை ஏற்றுக்கொள்ளாது. வாசலில் அனுமதித்துவிட்டுப் பந்தியில் எழுப்பிவிடும் கதை.

என்விஎம்இக்கு இரண்டு வழிகள். மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1க்காக வெளியிட்ட கேபி 2990941, அதோடு அது உண்டாக்கிய நீலத் திரையைச் சரிசெய்த கேபி 3087873. இரண்டையும் சேர்ப்பது ஒரு வழி. வட்டுத் தயாரிப்பாளர் கொடுக்கும் விண்டோஸ் 7 டிரைவரைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். நான் மைக்ரோசாஃப்டின் புதுப்பிப்பையே விரும்புகிறேன். நாளைக்கு வட்டு போய் வேறு நிறுவனத்தின் வட்டை மாட்டினாலும் அது வேலை செய்யும்.

இனிச் சேர்க்கும் வேலை. விண்டோஸ் 10 ஓடும் இன்னொரு கணினியில் செய்யுங்கள். அதிலுள்ள டிஸ்ம் என்ற கருவிக்கு விண்டோஸ் 7 படிமங்களையும் கையாளத் தெரியும். நிறுவல் கோப்புகள் அனைத்தையும் வட்டில் ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து, இரண்டு விம் கோப்புகளின் "படிக்க மட்டும்" அடையாளத்தை நீக்குங்கள். இதை மறந்தால் அனுமதி இல்லை என்று டிஸ்ம் மறுக்கும். நிர்வாகியாகத்தானே திறந்தேன் என்று நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். வெற்றுக் கோப்புறை ஒன்றில் படிமத்தை மவுன்ட் செய்வது (அதன் கோப்புகள் தெரியும்படி விரித்து வைப்பது), புதுப்பிப்புகளைச் சேர்ப்பது, டிரைவர்களைச் சேர்ப்பது, "கமிட்" என்று சொல்லி அன்மவுன்ட் செய்வது: இவ்வளவுதான் முறை. பூட்.விம்மின் இரண்டு எண்களுக்கும், இன்ஸ்டால்.விம்மில் நீங்கள் நிறுவப்போகும் பதிப்பின் எண்ணுக்கும் இதைச் செய்ய வேண்டும். எந்த எண் எந்தப் பதிப்பு என்பதை டிஸ்மின் கெட்-விம்இன்ஃபோ கட்டளை காட்டும். உங்களிடம் உரிமம் இருப்பது புரொஃபஷனலுக்கு என்றால் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். மற்றவற்றுக்காக ஒரு மணி நேரம் செலவிடத் தேவையில்லை.

அன்மவுன்ட் செய்யும் முன் அந்தக் கோப்புறை திறந்திருக்கும் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். ஆன்டிவைரஸையும் சற்று நேரம் நிறுத்தி வையுங்கள். எங்கோ ஒரு சன்னல் திறந்திருப்பதால் படிமம் பாதி கழன்று பாதி ஒட்டிக்கொண்டு நிற்பது இந்த வேலையின் மிக எரிச்சலான விபத்து.

பென் டிரைவுக்கு வருவோம். என்விஎம்இ வட்டிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் நிறுவலே யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய தொடக்க முறை) முறையில் தொடங்க வேண்டும். வட்டு ஜிபிடி முறையில் பிரிக்கப்பட வேண்டும். பூட் மெனுவில் பென் டிரைவின் பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7இன் மூல டிவிடியில் இதற்கொரு குறை உண்டு: பென் டிரைவில் யுஇஎஃப்ஐ தேடும் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு அதில் இல்லை. இன்ஸ்டால்.விம்முக்குள் விண்டோஸ், பூட், இஎஃப்ஐ என்று இறங்கினால் பூட்எம்ஜிஎஃப்டபிள்யு.இஎஃப்ஐ கிடைக்கும். அதை பென் டிரைவின் இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை அமைத்து, மேலே சொன்ன பெயரில் வையுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும். புதுப்பிப்புகளைச் சேர்த்து இன்ஸ்டால்.விம் 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 அதை ஏற்காது. டிஸ்மின் ஸ்பிளிட்-இமேஜ் கட்டளையால் துண்டாக்கிக்கொள்ளலாம்.

பயாஸில் செக்யூர் பூட்டை (கையொப்பம் சரியாக உள்ள நிரலை மட்டும் தொடங்கவிடும் தெரிவு) அணைத்து, சிஎஸ்எம்மை (பழைய பயாஸ் போல நடிக்கும் தெரிவு) இயக்கி வையுங்கள். யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கினாலும் விண்டோஸ் 7 திரையை உயிர்ப்பிக்க, கிராஃபிக்ஸின் பழைய தொடக்க நிரலான விஜிஏ பயாஸை நாடுகிறது. சிஎஸ்எம் இல்லையென்றால் "விண்டோஸ் தொடங்குகிறது" என்ற எழுத்தோடு உறைந்துவிடும். உங்கள் 6ஆம் தலைமுறையில் இதற்குக் கவலை இல்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது 11ஆம் தலைமுறை இன்டெல் கணினியில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸை வைத்துக்கொண்டு முயன்றால், அதில் அந்தப் பழைய விஜிஏ பயாஸே கிடையாது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். அது வேறு போராட்டம்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஓர் உண்மையைச் சொல்கிறேன்: பூட்.விம் வேலையை நான் இப்போதெல்லாம் செய்வதே இல்லை. இன்ஸ்டால்.விம்மை மட்டும் திருத்திக்கொள்கிறேன். பிறகு விண்டோஸ் 10இன் நிறுவல் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குகிறேன். அதில் யுஎஸ்பி 3.0, என்விஎம்இ இரண்டுக்கும் டிரைவர் ஏற்கெனவே உண்டு. முதல் திரையில் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சன்னல் வரும். டிஸ்க்பார்ட் மூலம் வட்டை ஜிபிடியாக்கி, ஃபேட்32இல் ஒரு சிறிய இஎஃப்ஐ பகுதியும் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெரிய பகுதியும் உருவாக்கி, டிஸ்மின் அப்ளை-இமேஜ் கட்டளையால் விண்டோஸ் 7ஐப் பெரிய பகுதியில் விரிக்கிறேன். கடைசியாக பிசிடிபூட் கட்டளை தொடக்கக் கோப்புகளை இஎஃப்ஐ பகுதியில் எழுதிவிடும். மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் 7 நேராகத் தன் அமைப்புத் திரைகளுக்கு வந்துவிடும். பூட்எக்ஸ்64 கோப்பைத் தேடிப் பெயர் மாற்றும் வேலையும் இதில் இல்லை. டிஸ்க்பார்ட்டில் வட்டைத் துடைத்துவிடும் "க்ளீன்" கட்டளையை அடிக்கும் முன் எந்த வட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். அது எதையும் திரும்பக் கேட்காது.

இந்த வழியிலும் முதல் மறுதொடக்கத்துக்குப் பிறகு கீபோர்டு செத்திருந்தால், தவறு இன்ஸ்டால்.விம்மில் சேர்த்த டிரைவரில் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். மீண்டும் விண்டோஸ் 10 பென் டிரைவில் தொடங்கி, விண்டோஸ் 7 இருக்கும் பகுதியை டிஸ்முக்கு நேரடியாகக் காட்டி, சரியான டிரைவரைச் சேர்க்கலாம். மறுபடி நிறுவத் தேவையில்லை. அங்கே விண்டோஸ் கோப்புறையில், ஐஎன்எஃப் என்பதற்குள் இருக்கும் செட்டப்ஏபிஐ.டெவ்.லாக் கோப்பைத் திறந்து ஏ12எஃப் என்று தேடினால், எந்த டிரைவரை எடுத்துப் பார்த்தது, ஏன் ஒதுக்கியது என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கும்.

நெட்வொர்க் டிரைவரையும் கிராஃபிக்ஸ் டிரைவரையும் அதே சமயத்தில் வட்டில் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். 6ஆம் தலைமுறைக்கு இரண்டும் விண்டோஸ் 7க்காகக் கிடைக்கின்றன. நெட்வொர்க் டிரைவர் ஏறினாலும் அந்தக் கணினியை இணையத்தில் விடாதீர்கள்: பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14உடனும், கட்டணம் செலுத்தியவர்களுக்கான நீட்டிப்பு 2023 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. கருவியிலிருந்து அளவீட்டுக் கோப்புகளை எடுக்கத்தான் நெட்வொர்க் என்றால், உள்வலையில் ஒரே ஒரு கணினியோடு மட்டும் பேசும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும், திருத்திய இன்ஸ்டால்.விம்மை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். மேலே சொன்ன கேபி எண்களையும் நீங்கள் பயன்படுத்திய டிரைவரின் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.